லிங்க் அனுப்பினால் பாடமாகுமா?

அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், சிஞ்ச்வட்



பள்ளிப் படிப்புக்கு இணையத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை இந்தியாவில் எந்த ஊரில் பேசினாலும் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவைத் தொடாமல் முடிக்க முடியாது. புனேயை ஒட்டிய இந்தச் சிஞ்ச்வட்டில் என்றால் அவரிடமிருந்தே தொடங்கலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்துவிட்டு 1970களின் நடுவில் அவர் வேலைக்கு வந்து சேர்ந்த இடம் புனே டெல்கோ. பின்னாளில் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது அதே நிறுவனம்தான். இந்த அரங்கில் சிலராவது அதன் கேட்டைத் தாண்டிக் காலை ஷிஃப்டுக்குப் போய்வந்தவர்களாக இருப்பீர்கள். லாரி செய்யவா பிறந்தோம் என்ற கேள்வி சில ஆண்டுகளிலேயே அவருக்கு வந்துவிட்டது. 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார்.

அங்கே 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதை விட்டு, கையால் செய்து கற்பது அதன் வழி. ஆய்வுக்கூடம் கட்டப் பணம் இல்லாத ஊர்கள். வாரச் சந்தையில் குப்தாவின் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வ் டியூப். சில காசுக்குக் கிடைக்கும் மெல்லிய கறுப்பு ரப்பர் குழாய். அதை விரற்கடை நீளத் துண்டுகளாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை இரு முனையிலும் செருகினால் ஒரு மூட்டு தயார். மூன்று குச்சிகளைச் சேர்த்தால் முக்கோணம். நான்கைச் சேர்த்தால் சதுரம். சதுரத்தை ஓரத்தில் லேசாக அழுத்துங்கள், சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தை எந்தப் பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாது. டியூபின் நடுவில் முள்ளாலோ காம்பஸ் முனையாலோ துளை போட்டு இன்னொரு குச்சியைச் செருகிவிட்டால் நான்முகி, கூடாரம், வீடு என்று மேலே எழும்பத் தொடங்கும். மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் இரும்பை முக்கோணம் முக்கோணமாக ஏன் போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே கேட்கும். நாம் பதில் சொல்லவேண்டிய தேவைகூட வராது. சதுரத்துக்குள் குறுக்கே ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

2003இல் குப்தா மறுபடி புனே வந்தார். இந்த முறை தொழிற்சாலைக்கு அல்ல. ஜயந்த் நார்லிகர் 1988இல் தொடங்கிய ஐயூகா வானியல் மையத்தில், மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பெயரிலான நன்கொடையில் பிள்ளைகளுக்கென ஓர் அறிவியல் கூடம் எழுந்தது. 2014 வரை அங்கேதான் இருந்தார். குப்பையிலிருந்து செய்யும் அறிவியல் பொம்மைகள், அவற்றைச் செய்து காட்டும் குறும்படங்கள், பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எல்லாவற்றையும் தம் இணையதளத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது, கடவுச்சொல் கிடையாது. படங்களில் பேச்சு குறைவு, கைகள்தான் நடிக்கும். அதனால் குரலை மட்டும் மாற்றி மராத்தியிலும் தமிழிலும் இன்னும் பல மொழிகளிலும் கொண்டுபோக முடிந்தது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவரைப் புகழ மட்டும் இவ்வளவு சொல்லவில்லை. பள்ளிக்கு உதவும் இணையவளம் எது என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. எந்த வளத்தைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். இறக்கி வைத்துக்கொள்ள விடுகிறதா? என் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விடுகிறதா? பார்த்து முடித்தபின் பிள்ளையின் கைக்கு வேலை கொடுக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது பாடப்பொருள். முதலிரண்டுக்கும் இல்லை என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது வாடகைப் பொருள். சந்தா நிற்கும் அன்று கடை மூடிவிடும்.

இறக்குவதும் மாற்றுவதும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பழைய கதைகள் சொல்கிறேன். இளைய ஆசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

முதல் கதை எழுத்துரு. இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றுவதில் புனேயின் சி-டாக் நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனாலும் 1990களில் தமிழுக்கு ஆளுக்கொரு குறியேற்றம் இருந்தது. ஒருவர் தட்டச்சிட்டது மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களாகத் தரப்படுத்தினார்கள். அதற்குள் யூனிகோடு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. இந்த மாற்றங்களுக்கிடையில் பல பள்ளிகளுக்கு விற்கப்பட்ட குறுந்தகடுகள் வெறும் வட்டத் தகடுகளாக மிஞ்சின. மதுரைத் திட்டமோ பிழைத்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. இலக்கியங்களைத் தட்டச்சிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். திறந்து கிடந்ததால் தன்னார்வலர்களே பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை குறளைக் கைப்பேசியில் தேடிப் படிக்க முடிகிறதென்றால் அந்த மாற்றும் உரிமைதான் காரணம்.

இரண்டாவது கதை ஃபிளாஷ். அனிமேஷன் பாடம் என்றாலே ஒரு காலத்தில் ஃபிளாஷ்தான். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதற்கு ஆதரவை நிறுத்தினார்கள். அந்த மென்பொருளில் செய்த பாடங்கள் உலகம் முழுதும் ஒரேயடியாக ஊமையாயின. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் பாவனைச் சோதனைகளைப் பலரும் பயன்படுத்தியிருப்பீர்கள். அவர்கள் முன்கூட்டியே ஒவ்வொன்றாகப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். இன்று அவை சாதாரண உலாவியிலேயே ஓடுகின்றன. இறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத வகுப்பறையிலும் ஓடும். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ், மராத்தி வடிவங்களும் உண்டு.

இனி பிள்ளைகள் பக்கம் வருவோம். சோலாப்பூர் மாவட்டத்தின் பரிதேவாடி ஜில்லா பரிஷத் பள்ளிக்கு 2009இல் ரஞ்சித்சிங் திசலே என்ற இளைஞர் ஆசிரியராகப் போனார். மாட்டுத்தொழுவத்துக்கும் பண்டக அறைக்கும் நடுவே சிதைந்த கட்டடம். கட்டடத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. பாடநூல் ஒரு மொழி, பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம். அவர் கன்னடம் கற்றுக்கொண்டார். பாடங்களைப் பிள்ளைகளின் மொழிக்குக் கொண்டுவந்தார். பிறகு பக்கங்களில் கியூஆர் குறியீடுகளை ஒட்டினார். ஸ்கேன் செய்தால் பாட்டு ஒலிக்கும், விளக்கப் படம் ஓடும், பயிற்சி வரும். 2017இல் மகாராஷ்டிர அரசு மாநிலப் பாடநூல்களிலேயே கியூஆர் குறியீட்டைச் சேர்க்க முடிவு செய்தது. அதே ஆண்டு ஆசிரியர் நாளன்று மத்திய அரசின் தீக்ஷா இணையப் பாடத் தளம் வந்தது. 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களிலும் கட்டம் கட்டமாக அந்தக் குறியீடு இடம்பெற்றது. 2020இல் உலக ஆசிரியர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் திசலேவுக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்துகொடுப்பதாக அவர் அறிவித்ததைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன.

எனக்கு அந்தப் பரிசுத் தொகையைவிட வரிசை முக்கியமாகப் படுகிறது. முதலில் கன்னடம், அப்புறம்தான் கியூஆர். நம்மில் பலர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாடநூலின் ஓரத்தில் குறியீடு அச்சாகிவிட்டது, ஆகவே எண்ணிமக் கல்வி நடந்துவிட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு நான்கு லிங்க். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மை. அதோடு அந்தப் பாடம் முடிந்தது. ஸ்மார்ட் போர்டு திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்தான் பல பள்ளிகளில் அந்த போர்டைவிட அதிகம் பயன்பட்டிருக்கும்.

இந்தத் தொழில்நகரத்தில் அந்த இரவு ஒன்பது மணி லிங்க் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் ஒன்று. அது அப்பாவின் சட்டைப்பையில். அப்பா செகண்ட் ஷிஃப்டில். அவர் வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். பிரதம் அமைப்பின் அசர் ஆய்வு கிராமப்புற இந்தியாவைப் பற்றிச் சொன்னது இதுதான்: ஸ்மார்ட்ஃபோன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 2018இல் 36.5 விழுக்காடு, 2020இல் 61.8 விழுக்காடு. இரண்டே ஆண்டில் இவ்வளவு ஏற்றம். அப்படியிருந்தும் ஊரடங்குக் காலத்தில் ஆய்வு நடந்த வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதேனும் கற்றல் பொருள் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வீட்டில் கருவி இருப்பது வேறு, பாடம் வந்து சேருவது வேறு. பள்ளிகளின் நிலையும் அப்படித்தான். 2023-24ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் யூடைஸ் கணக்குப்படி இணைய வசதி உள்ள பள்ளிகள் 53.9 விழுக்காடு.

பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுத்தால் போதும், தாமே கற்றுக்கொள்வார்கள் என்ற வாதமும் இருக்கிறது. அதன் பெரிய வழக்கறிஞர் சுகதா மித்ரா. 1999இல் டில்லி கால்காஜியில் சுவரில் துளையிட்டுக் கணினி வைத்து, குடிசைப் பிள்ளைகள் அதைத் தாமே பழகுவதைக் காட்டியவர். அவருடைய இன்னொரு சோதனை நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்தது. கலிக்குப்பம் என்ற கிராமத்தில், ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெருவோரக் கணினியில் ஆங்கிலத்திலேயே உயிரியல் தொழில்நுட்பப் பாடத்தை ஏற்றி வைத்துவிட்டு வந்தார். டி.என்.ஏ. எப்படித் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது என்பது போன்ற பாடம். தேர்வில் பூஜ்யத்தில் இருந்தவர்கள் இரண்டு மாதத்தில் 30 விழுக்காட்டுக்கு வந்தார்கள் என்று தம் உரையில் சொல்கிறார். கைதட்டல் அங்கேதான் விழும். ஆனால் கதை அதற்கு மேலும் போகிறது. 30க்கு மேல் ஏறவில்லை. அப்போது அந்த ஊரில் கணக்கெழுதும் வேலையில் இருந்த 22 வயதுப் பெண்ணிடம் கேட்டார்கள்: உயிரியல் தெரிய வேண்டாம், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று பாட்டிமார் செய்வதுபோல வியந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று. மதிப்பெண் 50க்குப் போனது.

மித்ரா இதை ஆசிரியர் இல்லாமலே கற்கலாம் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார். எனக்கு இது நேர்மாறான சான்று. கணினி 30இல் நின்றது. பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றதும் மேலே ஏறியது. அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் என்ற பட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆள் இல்லாத இடங்களில் என்ன ஆயிற்று என்பதையும் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். உத்தராகண்டின் அல்மோரா பகுதியில் அந்தச் சுவர்க் கணினிகள் கேட்பாரற்றுப் போயிருந்ததை பாயல் அரோரா 2010இல் எழுதினார்.

வகுப்பறைக்குள் வருவோம். எட்டாம் வகுப்பு. குப்தாவின் எளிய மின்மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பட்டை, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி. செல்லின் இரு முனையிலும் ஊக்குகளை ரப்பர் பட்டையால் இறுக்கி, நடுவில் காந்தத்தை வைத்து, கம்பியைச் சுருளாகச் சுற்றி அதன் இரு வாலையும் ஊக்குத் துளைகளில் படுக்க வைத்தால் சுருள் சுழலும். படத்தில் இரண்டு நிமிடத்தில் ஜம்மென்று சுழன்றுவிடும். வகுப்பில் சுழலாது. பாதிக்கு மேல் சுழலவே சுழலாது. சிலருடையது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கம்பியின் வாலில் எனாமலைச் சுரண்டும்போது ஒரு பக்கத்தை விட்டுவிடவேண்டும் என்று படத்தில் காட்டியிருப்பார்கள், அவசரத்தில் யார் கவனித்தார்கள்? முழுக்கச் சுரண்டிவிட்டால் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் விசை திசைமாறி, முன்னே போன சுருளைப் பின்னே இழுக்கும். ஒரு பக்கம் எனாமல் இருந்தால் அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும், சுருள் வந்த வேகத்திலேயே தாண்டிப் போய்விடும். கம்யூட்டேட்டர் என்ற சொல்லைப் புத்தகத்தில் பத்து முறை அடிக்கோடிட்ட பிள்ளைக்கும், பிளேடால் சுரண்டிய பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுத்தாள் காட்டாது. கேள்வி கேட்டால் தெரியும்.

இதே வகுப்பில் ஃபெட்டின் மின்சுற்றுச் சோதனையையும் திறந்து காட்டலாம். அதில் பேட்டரியைக் குறுக்குச்சுற்றாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பையன்களுக்கு அதுதான் பிடிக்கும், வேண்டுமென்றே செய்வார்கள். செய்யட்டும். வீட்டில் செய்யக்கூடாததைச் செய்துபார்க்கத்தானே திரை இருக்கிறது. கையால் செய்ய முடிவதைக் கையால் செய்யவேண்டும், முடியாததற்கும் கூடாததற்கும் திரை. இந்தப் பிரிப்பைச் செய்வது ஆசிரியர் வேலை. எந்தச் செயலியும் அதைச் செய்து தராது.

தேடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், அதன் பின் வந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை பழையவை, தகவல் காலாவதியாகிவிட்டது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. காலாவதியானதுதான் நமக்கு வசதி. சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள் என்று குழந்தைகள் கலைக்களஞ்சியத்திலும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் பார்த்துவரச் சொல்லுங்கள். ஒன்று புளூட்டோ கோளாக இருந்த காலத்தில் அச்சானது. இன்னொன்று 2006 ஆகஸ்டில் பிராகில் கூடிய வானியலாளர்கள் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்தபின் எழுதப்பட்டது. எது சரி என்று வகுப்பில் சண்டை வரும். எப்போது எழுதியது, யார் எழுதியது, யார் முடிவு செய்தது என்று பார்க்கும் பழக்கம் அந்தச் சண்டையில் பிறக்கும். விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று மணிக்கணக்கில் பட்டிமன்றம் நடத்துவதைவிட, அதன் பக்கத்தில் 'வரலாற்றைக் காட்டவும்' என்ற இடத்தை அழுத்தி, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டுவது மேல்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமல் என்னை மேடையிலிருந்து இறங்க விடமாட்டீர்கள் என்று தெரியும். வீட்டுப்பாடக் கட்டுரையை அது எழுதித் தருகிறது, உண்மை. அது எழுதித் தரும் தரத்தில் கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தது நாம்தான், அதுவும் உண்மை. 'எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரம்' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை அம்மாவிடம் போய்த்தான் கேட்டாகவேண்டும்.

கடைசியாக, இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள். நிக்டி, ஆகுர்டி, பிம்ப்ரி, சிஞ்ச்வட் என்று பரவிக் கிடக்கும் நம் குடும்பங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம். 2020இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்த சட்டத்தால் எந்த வாரியப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். மராத்தி வீட்டுப்பாடத்தோடு பிள்ளை வந்து நின்றால் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த அம்மாவுக்குக் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது. ட்யூஷன் வைக்கிறோம். தமிழ் எழுத்தோ அடுத்த கோடை விடுமுறைக்கு என்று ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது. பரிதேவாடியில் கன்னடம் பேசிய பிள்ளைகளுக்கு இருந்த அதே சிக்கல், கொஞ்சம் வசதியான உடையில்.

இதற்கு ஒரு நல்ல மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015 எழுத்தறிவு நாளில் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள். வாசிப்பு நிலை ஒன்றிலிருந்து நான்கு வரை பிரித்திருக்கிறார்கள். எல்லாம் திறந்த உரிமத்தில். படிக்கலாம், இறக்கலாம், அச்சிடலாம், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு மொழிபெயர்த்துத் திரும்ப ஏற்றலாம். ஒரே கதை தமிழிலும் மராத்தியிலும் இருக்கும், படங்கள் ஒன்றே. இரண்டையும் இறக்கி அச்சிட்டு எதிரெதிர்ப் பக்கமாகத் தைத்துக் கொடுங்கள். பிள்ளை தமிழில் அம்மாவோடு படிக்கும். கதை தெரிந்துவிட்டதால் மராத்தியில் தானே தட்டுத்தடுமாறிப் படித்துவிடும். மராத்தி முன்னே போகும் பிள்ளையானால் தலைகீழாக, மராத்தியைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வரும். அம்மாவும் கூடவே மராத்தி கற்றுக்கொள்வாள், அது கணக்கில் வராத லாபம். பாட்டியின் குரலில் தமிழ்க் கதையைக் கைப்பேசியில் பதிந்து வைத்தால், பாட்டி ஊருக்குப் போனபிறகும் கதை இங்கே இருக்கும். தமிழை முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அதே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்துச் செய்தவைதான், ஆனால் சிஞ்ச்வட்டுக்கும் பொருந்தும்.

தமிழுக்கும் மராத்திக்கும் இது புதிய கொடுக்கல் வாங்கல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார். பிள்ளைகளுக்காக ஈசாப் கதைகள் மராத்தியில் மொழிபெயர்க்கப்பட்டு அங்கே அச்சேறின. மராத்தியில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்று, காவிரிக் கரையில் பிறந்திருக்கிறது. ஓர் அரசர் அச்சுக்கூடம் வைத்துச் செய்த வேலையை இன்று ஒரு மடிக்கணினி வைத்துச் செய்யலாம். மராத்தியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரத் தகுதியுள்ளவர்கள் சென்னையில் அதிகம் இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, அடுத்த வீட்டு ஆஜியிடம், அதாவது பாட்டியிடம், மராத்தி கற்று, வீட்டில் தமிழ் பேசும் இளைஞர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அறக்கட்டளைக்கு மாலையும் சால்வையும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்தில் மடிக்கணினிகளோடு கூடுங்கள். ஸ்டோரிவீவரின் முதல்நிலைக் கதை ஒன்றில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் இருக்கும். மராத்தி நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் தமிழ் நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் உட்காரட்டும். மொழிபெயர்த்ததை ஏற்றுவதற்கு முன் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் படித்துக் காட்டுங்கள். அது முகம் சுளிக்கும் சொல்லை எடுத்துவிடுங்கள். ஆசிரியர்கள் அதை அச்சிட்டு வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கை அனுப்புவதை மட்டும் தயவுசெய்து கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.